கோபுரம் விழுந்தாலும் குரல் விழாதிருக்க

ஏ-9 வீதியால் மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்குப் பயணம் செய்பவர்கள் கொக்காவிலைக் கடந்தே செல்ல வேண்டும். ரூபவாகினியின் ஒளிபரப்பை வடக்கிற்கு அஞ்சல் செய்யும் நிலையம் ஒன்று அங்கே இருந்தது. அதனைக் காப்பதற்கென இராணுவ முகாமும் இருந்தது. 1990 ஜூலையில் முகாம் தாக்கப்பட்டு வீழ்ந்தபோது நிலையமும் அழிந்தது. அதே இடத்தில் 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் 2011 ஜூன் 6ஆம் திகதி திறந்து வைக்கப்பட்டது. இடையே சென்றவை ஏறத்தாழ 21 ஆண்டுகள். கோபுரம் அழிந்த ஆண்டில் பிறந்த பிள்ளை, அது மீண்டும் எழுந்தபோது வாக்களிக்கும் வயதைத் தாண்டியிருந்தது.

இனி வேறு மூன்று இடங்களைப் பார்ப்போம். பிலிப்பைன்ஸின் தக்லோபான் நகரைப் பெருஞ்சூறாவளி அழித்த ஆறாம் நாளில் அங்கே ஒரு புதிய வானொலி பேசத் தொடங்கியது. உக்ரேனின் தலைநகர் கியேவில் தொலைக்காட்சிக் கோபுரம் ஏவுகணையால் தாக்கப்பட்டபோது ஒளிபரப்பு மிக விரைவில் திரும்பியது. சேர்பியாவின் பெல்கிரேட்டில் தொலைக்காட்சி நிலையம் குண்டு வீசித் தகர்க்கப்பட்ட சில மணி நேரத்தில் மறுபடியும் படம் தெரிந்தது.

இருபத்தொரு ஆண்டுகள், ஆறு நாட்கள், சில மணி நேரம். மௌனத்தின் நீளம் ஏன் இவ்வாறு வேறுபடுகின்றது? போர் ஓயாத நிலத்தையும் புயல் கடந்து போன நகரத்தையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று. ஆயினும் இவற்றிலிருந்து நாம் கற்கக்கூடிய பாடம் ஒன்று உண்டு. மௌனத்தின் நீளத்தைக் கோபுரத்தின் உயரமோ உறுதியோ மட்டும் தீர்மானிப்பதில்லை. அனர்த்தத்திற்கு முன்னரே ஆயத்தம் செய்யப்பட்ட சிறிய பொருட்களும், அவற்றைக் கையாளப் பழகிய மனிதர்களுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றனர். இக்கட்டுரை அதனையே ஆராய்கின்றது.

ஐந்து கண்ணிகள் கொண்ட சங்கிலி

வானொலிச் செய்தி ஒன்று எமது வீட்டை அடைவதற்கு ஐந்து கண்ணிகளைக் கடந்து வர வேண்டும்.

1. செய்தியைச் சேகரித்துப் பேசும் மனிதரும் கலையகமும்.
2. கலையகத்தை ஒலிபரப்பு நிலையத்துடன் இணைக்கும் தொடுப்பு.
3. ஒலிபரப்பி இயந்திரமும், கோபுரமும், அதன் உச்சியிலுள்ள வானலைக் கம்பியும்.
4. இவை எல்லாவற்றிற்கும் வேண்டிய மின்சாரம்.
5. கேட்பவரின் வானொலிப் பெட்டியும் அதற்குரிய பற்றரியும்.

இவற்றுள் எது அறுந்தாலும் செய்தி நின்றுவிடும். ஆனால் பணமும் கவனமும் பெரும்பாலும் மூன்றாவது கண்ணிக்கே செல்கின்றன. ஏனெனில் அதுவே கண்ணுக்குத் தெரிவது. அனர்த்த வேளையில் முதலில் அறுவது பல தடவைகளில் நான்காவதும் ஐந்தாவதுமாகும். கோபுரம் நிமிர்ந்து நிற்கும், டீசல் தீர்ந்திருக்கும். அல்லது நிலையம் பேசிக்கொண்டிருக்கும். கேட்பதற்கு ஊரில் ஒரு பற்றரி இராது.

முதலாவது கண்ணியும் மறக்கத் தகாதது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தபோது எமது நேரம் காலை 7 மணிக்குச் சற்று முன். கிழக்குக் கரையைக் கடல் அடையும் முன்னர் ஒன்றரை மணி நேரத்திற்கும் மேலாக அவகாசம் இருந்தது. அவ்வேளையில் நாட்டில் கோபுரங்கள் நின்றன, மின்சாரம் இருந்தது, வீடுகளில் வானொலிகள் பாடிக்கொண்டிருந்தன. ஆயினும் எச்சரிக்கையைப் பெற்று, நம்பி, உடனே அறிவிப்பதற்கு எவரும் நியமிக்கப்பட்டிருக்கவில்லை. இந்நாட்டில் 30,000இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். இயந்திரம் மட்டும் உயிர் காப்பதில்லை என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று எமக்குத் தேவையில்லை.

காற்றும் நீரும் வரும்போது

2017 செப்டெம்பர் 20ஆம் திகதி கரிபியன் கடலிலுள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவை மரியா என்னும் சூறாவளி தாக்கியது. தீவு முழுவதும் மின்சாரம் அற்றுப் போனது. கைத்தொலைபேசிக் கோபுரங்களில் நூற்றுக்கு 95 அளவில் செயலிழந்தன. அவ்வேளையில் தீவு முழுவதற்கும் தொடர்ந்து ஒலித்தது 680 கிலோஹேர்ட்ஸ் மத்திய அலையில் இயங்கிய வாப்பா வானொலி ஒன்றே. மக்கள் தம் உறவினரின் பெயர்களைக் கடதாசியில் எழுதிக்கொண்டு நிலையத்தின் வாசலுக்கு வந்தனர். தொலைபேசி இல்லாத நகர மேயர்கள் தங்கள் ஊரின் தேவைகளை அங்கு நேரில் வந்து அறிவித்தனர். நவீனமான வலையமைப்பு முழுவதும் ஓய்ந்தபோது, பழைய மத்திய அலையே தீவின் தபாற்கந்தோராயிற்று.

2013 நவம்பர் 8ஆம் திகதி ஹையான் சூறாவளி தக்லோபான் நகரைத் தாக்கியது. பிலிப்பைன்ஸில் 6,000இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். நகரின் வானொலி நிலையங்கள் ஓய்ந்தன. அவசர வானொலிச் சேவைக்கெனப் பயிற்றப்பட்ட சிறு குழு ஒன்று, பெட்டியில் அடங்கும் ஒலிபரப்பியைத் தூக்கிக்கொண்டு அங்கு சென்று, நவம்பர் 14ஆம் திகதி 98.7 பண்பலையில் பேசத் தொடங்கியது. "முன்னேறு" என்னும் பொருள்படும் சொல்லைச் சேர்த்து அதற்கு ராடியோ அபாந்தே எனப் பெயரிட்டனர். குடிநீர் எங்கே கிடைக்கும், உணவு எப்போது பங்கிடப்படும், மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பனவே அதன் செய்திகள்.

பெட்டியில் அடங்கும் இயந்திரம் எவ்வளவு தூரம் பேசும்? பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. ஆகவே வானலைக் கம்பியின் உயரமே எல்லையை வகுக்கின்றது. உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆற் பெருக்கினால், தடையற்ற சமநிலத்தில் எட்டக்கூடிய தூரம் கிலோமீற்றரில் ஏறத்தாழக் கிடைக்கும். 100 மீற்றர்க் கோபுரத்திற்கு இது 41 கிலோமீற்றர். 25 மீற்றருக்கு 20 கிலோமீற்றருக்குச் சற்று மேல். 9 மீற்றர் இரும்புக் குழாய்க்கும் 12 கிலோமீற்றர் உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது யாதெனில், உயரம் நான்கில் ஒன்றாகக் குறைந்தாலும் தூரம் பாதியாகவே குறைகின்றது. பெருங்கோபுரம் விழுந்துவிட்டதே என்று கைகட்டி இருக்க வேண்டியதில்லை. மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் நட்ட குழாய், ஒரு பிரதேச செயலகப் பிரிவின் பெரும்பகுதிக்குப் பேசப் போதுமானது. மலைநாட்டிற்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கு குன்றுகள் அலையை மறைக்கும். ஆனால் குன்றின் மேல் நட்ட சிறு கம்பமோ நெடுந்தூரம் பேசும்.

மின்சாரத்திற்கும் ஒரு கணக்குப் பார்ப்போம். 50 வாற்று வலுவுள்ள சிறிய ஒலிபரப்பியும் கலையகச் சாமான்களும் சேர்ந்து ஏறத்தாழ 150 வாற்று மின்சாரம் எடுக்கும் என வைப்போம். 12 வோல்ற்று, 100 அம்பியர்-மணி பற்றரி ஒன்றில் 1,200 வாற்று-மணி உண்டு. பற்றரி பழுதாகாதிருக்க அதிற் பாதியையே எடுக்க வேண்டும். எனவே கிடைப்பது நான்கு மணி நேர ஒலிபரப்பு. 200 வாற்று சூரியத் தகடு, நல்ல வெயில் நான்கு மணி நேரம் விழுந்தால், இழப்புப் போக 550 வாற்று-மணி அளவில் திருப்பித் தரும். நாள் முழுவதும் பாட்டுப் போட இது போதாது. காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை, மொத்தம் மூன்றரை மணி நேரம் செய்தி சொல்லப் போதும். இவ்வாறு நேரம் குறித்துப் பேசுவதால் கேட்பவரின் பற்றரியும் மிஞ்சும்.

தாக்குதல் வரும்போது

1999 ஏப்பிரல் 23ஆம் திகதி அதிகாலை நேட்டோ விமானங்கள் பெல்கிரேட்டிலுள்ள சேர்பிய வானொலி, தொலைக்காட்சி நிலையத்தின் மீது குண்டு வீசின. இரவுப் பணியிலிருந்த 16 ஊழியர்கள் கொல்லப்பட்டனர். ஒளிபரப்பு சில மணி நேரத்தில் திரும்பியது. உயிர்கள் திரும்பவில்லை. ஆபத்து இருந்தும் ஊழியர்களை வெளியேற்றவில்லை என்ற குற்றத்திற்காக, அந்நிலையத்தின் தலைவருக்கு 2002இல் அந்நாட்டு நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. குண்டு வீசியவர்களின் பொறுப்பை இத்தீர்ப்பு அழிக்கவில்லை என்பது வேறு விடயம். நாம் கற்க வேண்டியது இது: நிலையத்தைக் காப்பது என்றால் முதலில் அதிலுள்ள மனிதரைக் காப்பது. இயந்திரத்தை வாங்கலாம், இருபது ஆண்டு அனுபவமுள்ள தொழில்நுட்பவியலாளரை வாங்க முடியாது.

2022 மார்ச் 1ஆம் திகதி கியேவின் 385 மீற்றர்க் கோபுரம் ஏவுகணையால் தாக்கப்பட்டபோது ஐவர் உயிரிழந்தனர். கோபுரம் விழவில்லை, அதனோடிணைந்த கருவிகள் சேதமடைந்தன. மாற்று ஒழுங்குகள் மூலம் ஒளிபரப்பு மீட்கப்பட்டது. அதே மாதம் பி.பி.சி. நிறுவனம், உக்ரேனியர் கேட்பதற்காக நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் சிற்றலையில் செய்தி ஒலிபரப்பத் தொடங்கியது. காலாவதியாகிவிட்டது எனப் பலர் கருதிய சிற்றலை, கோபுரங்கள் எட்டாத தூரத்திலிருந்து பேச வல்லதாகையால் மறுபடியும் அழைக்கப்பட்டது. 2024 ஏப்பிரல் 22ஆம் திகதி கார்கிவ் நகரத் தொலைக்காட்சிக் கோபுரமும் தாக்கப்பட்டு, அதன் மேற்பகுதி முறிந்து வீழ்ந்தது.

எமது நாடும் இதற்கு விலக்கன்று. 2007 நவம்பர் 27ஆம் திகதி கிளிநொச்சியில் புலிகளின் குரல் வானொலி நிலையம் விமானக் குண்டுவீச்சுக்கு உள்ளாகி ஊழியர்கள் கொல்லப்பட்டனர்; யுனெஸ்கோவின் பணிப்பாளர் நாயகம் அதனைக் கண்டித்தார். 2009 ஜனவரி 6ஆம் திகதி அதிகாலை, கொழும்புக்கு அருகே பன்னிப்பிட்டியில் சிரச தொலைக்காட்சியின் கலையகத்திற்குள் ஆயுததாரிகள் நுழைந்து கட்டுப்பாட்டு அறையைத் தகர்த்தனர்.

சட்டம் என்ன சொல்கின்றது? ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 2006 டிசம்பரில் நிறைவேற்றிய 1738ஆம் இலக்கத் தீர்மானம், ஊடகக் கருவிகளும் நிலையங்களும் பொதுமக்களுக்குரிய பொருட்கள் என்றும், அவை இராணுவ இலக்குகளாக இல்லாதவரை தாக்கப்படலாகாது என்றும் கூறுகின்றது. இதில் "இராணுவ இலக்குகளாக இல்லாதவரை" என்ற பகுதியே கனமானது. கோபுரத்தைக் காக்க முகாம் அமைத்தால், முகாமை நோக்கி வரும் வெடிகுண்டு கோபுரத்தையும் வீழ்த்தும். கொக்காவில் இதற்கு எமக்குத் தெரிந்த சான்று. ஒலிபரப்பு நிலையத்தை ஆயுதங்களிலிருந்து தூர வைப்பதே அதற்கு நீண்டகாலப் பாதுகாப்பு.

பேசும் பொருளும் முக்கியம். ருவாண்டாவில் 1994இல் மில் கொலின் வானொலி கொலை செய்யப்பட வேண்டியவர்களைப் பெயர் சொல்லிக் காட்டிக் கொடுத்தது. 2003இல் சர்வதேச நீதிமன்றம் அதனை நிறுவியோர் இருவரையும் பத்திரிகையாசிரியர் ஒருவரையும் குற்றவாளிகளாகத் தீர்த்தது. குரல் உயிருடன் இருப்பது மட்டும் நன்மையாகிவிடாது. அது எவரையும் பலியிடாத குரலாகவும் இருக்க வேண்டும்.

எல்லோருக்கும் விளங்கும் குரல்

1995 ஜனவரி 17ஆம் திகதி ஜப்பானின் கோபே நகரம் நிலநடுக்கத்தால் சிதைந்தது. அங்குள்ள நகாத்தா பகுதியில் கொரிய மக்களும், சப்பாத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்த வியட்நாமிய மக்களும் பெருந்தொகையாக வாழ்ந்தனர். அகதி முகாம் எங்கே, தண்ணீர் வண்டி எப்போது என்ற அறிவித்தல்கள் யப்பானிய மொழியில் வந்தன. பலருக்கு அவை விளங்கவில்லை. இரு வாரங்களுக்குள் கொரிய மொழியில் ஒரு சிறு வானொலி எழுந்தது. ஏப்பிரலில், தீயில் எரிந்துபோன தக்காத்தோரி கத்தோலிக்க ஆலய வளவிலிருந்து வியட்நாமிய மொழியில் இன்னொன்று எழுந்தது. அவ்வாண்டு ஜூலை 17ஆம் திகதி, அனர்த்தம் நிகழ்ந்து சரியாக ஆறு மாதத்தில், இரண்டும் இணைந்து எப்.எம். வை-வை என்னும் ஒரே வானொலியாயின. மறு ஆண்டு அதற்கு அரசின் உரிமமும் கிடைத்தது.

இந்த அனுபவத்தின் வழியே ஜப்பானில் "தற்காலிக அனர்த்த வானொலி" என்னும் ஒழுங்கு வேரூன்றியது. 2011 மார்ச் 11ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, நகரசபைகள் தொலைபேசியில் வாய்மொழியாகக் கேட்டே அனுமதி பெற்றன. ஏறத்தாழ 30 ஊர்களில் இவ்வாறு சிறு நிலையங்கள் இயங்கின.

எமது நாட்டில் மகாவலி, கொத்மலை, ஊவா முதலிய சமூக வானொலிகள் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழேயே தோன்றி வளர்ந்தன. ஊர் மக்களால் நிலையம் நடத்த முடியும் என்பதை அவை காட்டின. அனுமதியின்றி அலைவரிசையைப் பாவிப்பது குற்றமாகும். அவசர சேவைகளுக்கும் அது இடையூறு செய்யும். ஆகவே அனர்த்தம் வந்தபின் அனுமதிக்காக அலைவதிலும் பார்க்க, அவசர அனுமதிக்குரிய ஒழுங்கை அமைதிக் காலத்திலேயே பிரதேச செயலகத்தின் ஊடாகவும் எம் பிரதிநிதிகளின் ஊடாகவும் கேட்டுப் பெறுவது அறிவு. இரு மொழிகளிலும் ஒரே நேரத்தில் அறிவித்தல் வரவேண்டும் என்பதும் அக்கோரிக்கையில் இடம்பெற வேண்டும்.

மீட்டெடுக்கும் ஒழுங்கு

சேதமடைந்த நிலையத்தை மீட்பவர்கள் அவசரத்தில் செய்யும் தவறுகளே பல வேளைகளில் அனர்த்தத்தைவிட அதிகம் கெடுக்கின்றன. பின்வரும் ஒழுங்கை மனதிற் கொள்க.

முதலாவது, மனிதரைக் கணக்கெடுத்தல். எவர் பத்திரமாக உள்ளார், எவரது குடும்பம் பாதிக்கப்பட்டது என அறிந்த பின்னரே பணி தொடங்க வேண்டும்.

இரண்டாவது, ஆபத்தை நீக்கல். அறுந்த மின்கம்பிகள், சாய்ந்த கோபுரம், தளர்ந்த இழுவைக் கம்பிகள் ஆகியவற்றின் அருகே எவரும் செல்லலாகாது. மோதல் நடந்த இடமாயின் வெடிக்காத குண்டுகள் அகற்றப்பட்டதை உறுதி செய்ய வேண்டும்.

மூன்றாவது, மின்சாரம். மின்பிறப்பாக்கியை ஒருபோதும் அறைக்குள் இயக்கலாகாது. அதன் புகையிலுள்ள நச்சு வாயுவுக்கு மணமில்லை, உறங்குவோரை எழும்பவிடாது. வெள்ளத்தில் நனைந்த கருவிகளை நன்கு உலரவிட்டுப் பரிசோதித்த பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

நான்காவது, வானலைக் கம்பி. வானலைக் கம்பி இணைக்கப்படாத ஒலிபரப்பிக்கு மின்சாரம் கொடுத்தால், வெளியேற வழியில்லாத வலு திரும்பி வந்து இயந்திரத்தையே எரித்துவிடும். தப்பிய ஒரே ஒலிபரப்பியை அவசரத்தில் எரித்துவிட்டால் பிறகு வழியில்லை.

ஐந்தாவது, குறைந்த வலுவில் பேசத் தொடங்கல். பழைய நிலைமை திரும்பும் வரை காத்திராமல், சிறிய தூரத்திற்கேனும் பேச வேண்டும். பின்னர் படிப்படியாக வளர்க்கலாம்.

கேட்பவர் கையிலுள்ள கண்ணி

1990 முதல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரிகள் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. அப்போதும் எம்மக்கள் செய்தி கேட்டனர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அதன் டைனமோவை வானொலியுடன் இணைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற மற்றவர்கள் சூழ இருந்து பி.பி.சி. தமிழோசையைக் கேட்ட மாலைகளை அக்காலத்தவர் மறந்திருக்க மாட்டார்கள். கை களைத்துச் சுற்றுவது குறைந்தால் குரலும் தேயும். அடுத்தவர் வந்து மிதியைப் பிடிப்பார். எந்தப் பொறியியலாளரும் வந்து கற்பிக்கவில்லை. ஐந்தாவது கண்ணியை ஊர் தானாகவே தாங்கிப் பிடித்தது.

இன்று கைத்தொலைபேசி எல்லோரிடமும் உண்டு. வீட்டில் வானொலிப் பெட்டி இருப்பது குறைந்துவிட்டது. கோபுரம் செயலிழந்தால் கைத்தொலைபேசி வெறும் விளக்காகவே பயன்படும். அந்நாளில் ஒரு சிறிய வானொலிப் பெட்டியும் நான்கு பற்றரிகளும் பெறுமதி மிக்கவை.

எமது ஊரில் செய்யக்கூடியவை

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மீனவர் சங்கம் ஆகியன சேர்ந்து பின்வருவனவற்றைச் செய்யலாம்.

• ஒவ்வொரு பத்து வீட்டிற்கும் ஒரு "கேட்கும் வீடு" தெரிவு செய்க. மத்திய அலையும் பண்பலையும் எடுக்கும் வானொலி ஒன்றும் பற்றரியும் அங்கு இருக்க வேண்டும். பற்றரியை வானொலிக்கு வெளியே வைத்தால் கசிந்து கெடாது.
• கேட்டதை மற்ற வீடுகளுக்குக் கொண்டு செல்லும் இளைஞர், யுவதிகளை நியமிக்க. கோயில் மணி, ஆலய மணி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி எந்த ஓசைக்கு என்ன பொருள் என முன்னரே உடன்படுக.
• அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கத்தைச் சுவரில் எழுதி வைக்க.
• அருகில் அஞ்சல் நிலையமோ கோபுரமோ இருப்பின், அதற்குச் செல்லும் பாதையில் மரம் வீழ்ந்தால் யார் வெட்டி அகற்றுவது, டீசலை யாருடைய உழவு இயந்திரம் ஏற்றிச் செல்வது என நிலையப் பொறுப்பாளருடன் பேசி எழுதி வைக்க. கோபுரத்தின் இழுவைக் கம்பிகளில் ஆடு மாடு கட்டுவதையும், செம்புக் கம்பி களவு போவதையும் தடுப்பது ஊரின் கடமை.
• ஆண்டுக்கொரு முறை, மாரிக்கு முன்னர், ஒரு மாலை மின்சாரத்தையும் கைத்தொலைபேசியையும் நிறுத்திவிட்டு ஒத்திகை பார்க்க. செய்தி கடைசி வீட்டை அடைய எத்தனை நிமிடம் என அளக்க.

1978 நவம்பரில் சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கியபோது அம்மாவட்டம் நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து துண்டிக்கப்பட்டது. அவ்விரவை அனுபவித்த முதியோர் இன்றும் எம்மிடையே உள்ளனர். ஒத்திகை நாளில் அவர்களை அழைத்துப் பேசச் செய்யுங்கள். எந்தச் செய்தி அன்று கிடைத்திருந்தால் எந்த உயிர் தப்பியிருக்கும் என்பதை அவர்களே அறிவர்.

கலந்துரையாடலுக்கு

1. ஐந்து கண்ணிகளில் எமது ஊரில் இன்று மிகப் பலவீனமானது எது?
2. மின்சாரமும் கைத்தொலைபேசியும் இல்லாத மூன்று நாட்களில் எமக்கு முதலில் வேண்டிய செய்திகள் எவை? அவற்றை யாரிடமிருந்து பெறுவோம்?
3. எம்மிடையே அறிவித்தல் விளங்காதவர்கள், காது கேளாதவர்கள், தனித்து வாழும் முதியோர் எத்தனை பேர்? அவர்களது வீட்டுக்கு யார் செல்வார்?
4. இன்று இரவே உங்கள் வீட்டு வானொலியை எடுத்துப் போட்டுப் பாருங்கள். அது பேசுகின்றதா?